சம்பளத்தில் நன்கொடை பிடிக்கிறார்கள்: வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா?

பெங்களூரு மாரத்தஹள்ளியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 34, சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். நீண்ட கடிதம். அதன் சுருக்கம் இது.

போன ஏப்ரலில் எச்.ஆர். பிரிவிலிருந்து ஒரு மெயில் வந்தது. நிறுவனம் தேர்ந்தெடுத்த சில தொண்டு நிறுவனங்களுக்கு எல்லோர் சம்பளத்திலிருந்தும் மாதம் 500 ரூபாய் போகும், விருப்பமில்லாதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பதில் போட வேண்டும் என்று அதில் இருந்தது. வேலை நெருக்கடியில் இவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. அந்த மாதச் சம்பளத்திலிருந்தே பிடித்தம் தொடங்கிவிட்டது. பிறகு அக்டோபரில், ‘தான் உத்சவ்’ என்ற கொடை வாரத்துக்காக ஒரு நாள் சம்பளத்தைக் கேட்டார்கள். டீமில் உள்ள எல்லோர் பெயரையும் போட்டு ஒரு ஷீட் சுற்றுக்கு வந்தது. கொடுத்தவர் பெயருக்கு நேரே பச்சை டிக். இவர் பெயருக்கு நேரே மட்டும் காலிக் கட்டம். மேனேஜர் இவருடைய இடத்துக்கே வந்து, ஒரு ஆளால்தான் டீம் நூறு சதவீதத்தைத் தொடவில்லை என்று மற்றவர்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு வேலூரில் வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். செலவு முழுக்க இவர் கையிலிருந்துதான். அதற்கு நடுவிலும், அல்சூர் பக்கம் வீட்டு வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு மாலையில் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் ஒரு சின்ன அறக்கட்டளைக்கு மாதம் 1,500 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்து வருகிறார். “கொடுக்க மனசில்லாதவள் என்று ஆபீசில் பெயர் வாங்கிவிட்டேன். நிறுத்தச் சொன்னால் அப்ரைசலில் கை வைப்பார்களா? கொடுத்த பணம் முழுவதும் வரியில் திரும்பி வரும் என்றார்கள், நிறுவனம் தரும் வரிச் சான்றிதழான ஃபார்ம் 16-ல் ஒன்றுமே இல்லையே? எங்கள் பணத்தை வாங்கித் தங்கள் சி.எஸ்.ஆர். (நிறுவனங்கள் செய்ய வேண்டிய சமூகப் பணி) என்று கணக்குக் காட்டுகிறார்களா? டிசம்பரில் வெல்ஃபேர் ஃபண்ட் என்றும் ஒன்று பிடித்தார்கள், அதையும் நிறுத்தலாமா? அமெரிக்கத் தாய் நிறுவனம் நாம் கொடுப்பதற்குச் சமமான தொகை போடுகிறதாம், அந்தப் பணம் எங்கள் ட்யூஷன் பிள்ளைகளுக்கு வர வழி உண்டா?” இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புத் தங்கைக்கு,

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சம்பளத்திலிருந்து யாருக்கு, எவ்வளவு, எதுவரை கொடுப்பது என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயம். நிறுத்துவதற்குக் காரணம் சொல்லவேண்டிய கடமைகூட உங்களுக்கு இல்லை. அப்பாவின் மருத்துவச் செலவைக் கடிதத்தில் இரண்டு இடத்தில் விளக்கியிருக்கிறீர்கள். எனக்கு எழுதியதில் தப்பில்லை. ஆனால் எச்.ஆருக்கு எழுதும்போது அந்த விளக்கம் வேண்டாம். காரணம் சொல்ல ஆரம்பித்தால், அந்தக் காரணம் போதுமா போதாதா என்று எடைபோடும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்ததாகிவிடும்.

பதில் போடாதது சம்மதம் ஆகாது

குறித்த நாளுக்குள் மறுக்காததால் சட்டப்படி ஒப்புக்கொண்டதாகிவிட்டது என்று நினைக்கிறீர்கள். அப்படியில்லை. சம்பளத்தில் என்னென்ன பிடிக்கலாம் என்பதற்குச் சட்டமே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 1936-ம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் இருந்த அந்தப் பட்டியல், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. பழைய சட்டம் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குவோருக்குத்தான் பொருந்தியது. உங்களைப் போன்றவர்கள் அதற்கு வெளியே நின்றீர்கள். புதிய தொகுப்பில் அந்த வரம்பு இல்லை.

அந்தப் பட்டியலில் பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கான பிடித்தமும் வருகிறது. ஆனால் ஒரு நிபந்தனையோடு: ஊழியர் எழுத்துமூலம் அனுமதி தந்திருக்க வேண்டும். நாட்டின் பிரதமர் பெயரிலுள்ள நிதிக்கே எழுத்துமூல அனுமதி வேண்டுமென்றால், ஒரு நிறுவனம் தானாகத் தேர்ந்தெடுத்த தொண்டு அமைப்புக்கு, திறக்காத ஒரு மெயிலை அனுமதியாக எடுத்துக்கொள்வது எந்த விதத்தில் சரி? உங்கள் பக்கம் வாதாட வேண்டி வந்தால் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

உங்களுக்குத் தெம்பு தரக்கூடிய ஒரு வழக்கும் உண்டு. 2018-ல் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, அரசு ஊழியர்கள் ஒரு மாதச் சம்பளத்தை நிவாரணத்துக்குத் தர வேண்டும், விருப்பமில்லாதவர்கள் அதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மாநில அரசு ஆணை போட்டது. எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற அந்தப் பகுதிக்குக் கேரள உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போயும் உச்ச நீதிமன்றம் அக்டோபர் 29 அன்று அந்தத் தடையில் தலையிட மறுத்துவிட்டது. கொடுக்க முடியாத ஒருவர் அதைத் தானே அறிவித்துத் தலைகுனிந்து நிற்க வேண்டிய அவசியமில்லை என்பதுதான் நீதிமன்றத்தின் பார்வை. ஊர்களே மூழ்கிய வெள்ளத்தின் நிவாரணத்துக்காகக் கேட்டபோது சொன்னது அது. அந்த நெருக்கடியிலேயே செல்லாத ஒரு முறை, உங்கள் ஆபீசின் அக்டோபர் கொண்டாட்டத்துக்கு எப்படிப் பொருந்தும்?

ஆனால் அது அரசுக்கு எதிரான வழக்கு. தனியார் நிறுவனத்தை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. அந்தத் தீர்ப்பை வைத்து மேனேஜரை மிரட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

டிசம்பரில் பிடித்த வெல்ஃபேர் ஃபண்ட் மட்டும் வேறு கதை. அது நன்கொடை அல்ல, கர்நாடகத் தொழிலாளர் நல நிதி. வருஷத்துக்கு ஒரு முறை ஊழியர், நிறுவனம், அரசு என மூன்று தரப்பும் செலுத்த வேண்டிய சட்டப்படியான தொகை. மாதாமாதம் போகும் தொழில் வரியும் அப்படித்தான். இந்த இரண்டையும் நிறுத்த முடியாது, நன்கொடையோடு சேர்த்துப் புகார் சொன்னால் உங்கள் நியாயமான கேள்விக்குத்தான் வலு குறையும்.

எச்.ஆருக்கு என்ன எழுதுவது

வாய்ப்பேச்சு வேண்டாம். மேனேஜரிடம் போக வேண்டாம். சம்பளம் போடும் பிரிவுக்கும் எச்.ஆருக்கும் சேர்த்து ஒரு மெயில், நாலே வரி: “என் சம்பளத்தில் நன்கொடை என்ற பெயரில் மாதம் 500 ரூபாய் பிடிக்கப்படுகிறது. இதற்கு நான் எழுத்துமூல அனுமதி தரவில்லை. அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து இதை நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். இதுவரை பிடித்த தொகை எந்த அமைப்புக்கு, யார் பெயரில் செலுத்தப்பட்டது என்ற விவரத்தையும் ரசீதையும் தந்து உதவவும்.” இதை ஆங்கிலத்தில் இதே அளவுக்கு எழுதி அனுப்புங்கள். வருத்தம், மன்னிப்பு, குடும்ப நிலை எதுவும் அதில் வேண்டாம்.

அந்தப் பச்சை டிக் ஷீட்டைப் பற்றித் தனி மெயில் எழுதுங்கள். பெயர் போட்டு வெளியிடுவதை நிறுத்த வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், மேனேஜர் பேசியதை இப்போதே புகாராக்க வேண்டாம். அவர் பேசிய நாள், இடம், உடனிருந்தவர்கள் ஆகியவற்றை வீட்டில் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சம்பளச் சீட்டுகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம், அவை உங்களுடையவை. ஆபீஸ் மெயில்களையும் அந்த ஷீட்டையும் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். தகவல் பாதுகாப்பு விதியை மீறினீர்கள் என்று அதையே உங்கள் மேல் திருப்ப முடியும். நல்ல நியாயம் உள்ளவர்கள் இந்த ஒரு காரியத்தால் தற்காப்பு நிலைக்குத் தள்ளப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

அப்ரைசல் பயம் வீணானது என்று சொல்ல மாட்டேன். நன்கொடை கொடுக்காதவருக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது என்று தனியாகச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் நடைமுறையில், நிதானமான நாலு வரி மெயில் ஒன்று கோப்பில் இருக்கும்போது, அடுத்த மாதமே ஒருவருடைய மதிப்பீட்டைக் கெடுக்க எந்த எச்.ஆரும் யோசிப்பார். மெயில் எழுதாமல் உள்ளுக்குள் புழுங்குபவர்களுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு இல்லை. பெரும்பாலான இடங்களில் இந்த மெயில் போனதும் பிடித்தம் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

போன நிதியாண்டில் பிடித்த 6,000 ரூபாயைத் திருப்பிக் கேட்கலாமா என்று கேட்டால், கேட்க உரிமை உண்டு. ஆனால் பணம் அந்தந்த அமைப்புகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், நிறுவனம் தன் கையிலிருந்துதான் தர வேண்டியிருக்கும். வேலை தொடர வேண்டும் என்ற உங்கள் நிலையில், இனிமேல் நிற்பதையும் ரசீது கைக்கு வருவதையும் உறுதி செய்துகொண்டு அதோடு விடுவதே நல்லது என்பது என் எண்ணம்.

வரியில் முழுப் பணமும் திரும்பாது

முழுப் பணமும் வரியில் திரும்பும் என்று நன்கொடை கேட்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், ஆனால் தவறாகச் சொல்கிறார்கள். நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் நன்கொடை திரும்பி வருவதில்லை. வரி போடும் வருமானத்தில் ஒரு பகுதி கழிகிறது, அவ்வளவே. பிரதமர், முதலமைச்சர் நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தால் முழுத் தொகையும் கழியும். சாதாரணத் தொண்டு அமைப்புகளுக்குப் பாதிதான், அதற்கும் வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 6,000 ரூபாய். அதில் பாதி, 3,000, வருமானத்தில் கழியும். நீங்கள் 30 சதவீத வரியில் இருந்தால் மிச்சமாகும் வரி 900 ரூபாய், 4 சதவீத செஸ்ஸையும் சேர்த்தால் 936. அதுவும் பழைய வரி முறையில் இருந்தால்தான். புதிய முறையில் இந்தக் கழிவே கிடையாது. 2023-24 நிதியாண்டு முதல், நாமாகப் பழைய முறையைக் கேட்டு வாங்காவிட்டால் புதிய முறைதான் தானாகப் பொருந்தும். நீங்கள் எதையும் தேர்ந்தெடுத்ததாக எழுதவில்லை என்பதால் புதிய முறையில் இருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

ஃபார்ம் 16-ல் இது வராததை வைத்து மோசடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தனியார் தொண்டு அமைப்புகளுக்கான நன்கொடையை நிறுவனங்கள் பொதுவாக டி.டி.எஸ். (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) கணக்கில் எடுப்பதில்லை, ரிட்டர்ன் போடும்போது நாம்தான் கேட்க வேண்டும். அதற்கு அந்த அமைப்பு தரும் 10பிஇ சான்றிதழ் வேண்டும். நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் தந்திருக்க வேண்டிய சான்றிதழ் அது. அதில் உங்கள் பெயரும் பான் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லோர் பணத்தையும் மொத்தமாகச் சேர்த்து நிறுவனம் தன் பெயரில் ஒரே காசோலையாகக் கொடுத்திருந்தால், சான்றிதழும் நிறுவனத்தின் பெயரில்தான் வந்திருக்கும். அப்படியானால் உங்கள் பணத்துக்கான வரிச்சலுகையை உங்களால் கேட்க முடியாது. யார் பெயரில் செலுத்தினீர்கள் என்று மெயிலில் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதில் உங்களுக்கு 936 ரூபாயைவிடப் பெரிய தொகை இருக்கலாம். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, 80டிடிபி பிரிவில் சொல்லப்பட்ட நோய்களில் ஒன்று. அப்பா உங்களைச் சார்ந்து இருப்பவர் என்றால், அவருக்கு 60 வயதுக்கு மேல் ஆகியிருந்தால், அவர் சிகிச்சைக்கு நீங்கள் செய்த செலவில் ஒரு லட்சம் ரூபாய் வரை வருமானத்தில் கழிக்கலாம். 60-க்குக் கீழே என்றால் 40,000 வரை. காப்பீட்டில் திரும்ப வந்த தொகையைக் கழித்துவிட வேண்டும், சிறுநீரக மருத்துவரின் எழுத்துச் சீட்டு வேண்டும். இதுவும் பழைய முறையில் மட்டும்தான். மாதச் சம்பளக்காரர்கள் ரிட்டர்ன் போடும்போது, கெடு நாளுக்குள், பழைய முறைக்கு மாறிக்கொள்ளலாம். 2025-26 நிதியாண்டில் சம்பளம் 12.75 லட்சத்துக்குள் என்றால் புதிய முறையில் உங்களுக்கு வரியே இல்லை, மாறத் தேவையில்லை. அதற்கு மேல் என்றால் ஆடிட்டரிடம் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், டயாலிசிஸ் பில்களை மறக்காமல் கொண்டுபோங்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் அடுத்த வருஷக் கணக்கில் இந்தப் பிரிவு எண்கள் மாறியிருக்கும், குழம்ப வேண்டாம்.

சி.எஸ்.ஆர். பற்றிய சந்தேகம்

2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135-வது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேலுள்ள நிறுவனங்கள் தங்கள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அது நிறுவனத்தின் பணமாக இருக்க வேண்டும். ஊழியர்களின் நன்கொடையை அந்தக் கணக்கில் காட்ட முடியாது. ஊழியர்கள் சம்பளம் வாங்காமல் செய்த சேவைக்கு விலை போட்டுக்கூடச் சேர்க்கக் கூடாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் விளக்கம் தந்திருக்கிறது.

ஆனால் விழா மேடையில் ஊழியர் பணத்தையும் நிறுவனப் பணத்தையும் சேர்த்து ஒரே பெரிய காசோலையாகத் தூக்கிக் காட்டியதை வைத்து நீங்கள் இந்தச் சந்தேகத்துக்கு வந்திருக்கிறீர்கள். மேடையில் காட்டுவது வேறு, தணிக்கையான அறிக்கையில் எழுதுவது வேறு. நிறுவனத்தின் ஆண்டு சி.எஸ்.ஆர். அறிக்கை இயக்குநர் குழுவின் ஆண்டறிக்கையோடு இணைந்திருக்கும், கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். அதில் உங்கள் தொகையும் கலந்திருப்பது தெரிந்தால் அப்போது பேசலாம். அதற்கு முன்னால் புகார் வேண்டாம்.

ட்யூஷன் பிள்ளைகளுக்கு

அமெரிக்கத் தாய் நிறுவனம் போடும் இணைத் தொகை பற்றி எச்சரிக்கையாகவே சொல்கிறேன். அது வெளிநாட்டுப் பணம். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதில் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம், அந்த அறக்கட்டளையை நடத்துபவர்கள்தான் மாட்டுவார்கள். அந்தப் பதிவுக்கு அமைப்பு மூன்று வருஷம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சம் ரூபாயாவது செலவு செய்திருக்க வேண்டும், பணம் டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கு ஒன்றின் வழியாகத்தான் வர வேண்டும். வாடகை அறையில் கரும்பலகை வைத்து நடத்தும் ஒரு மாலை வகுப்புக்கு இது எட்டாத தூரம். ஆர்வத்தில் அவர்கள் வங்கிக் கணக்கு எண்ணை அந்தப் படிவத்தில் நிரப்பிவிடாதீர்கள்.

இங்குள்ள இந்திய நிறுவனமே தன் பணத்தில் இணைத் தொகை போடுமானால் வழி உண்டு. சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து பெற வேண்டுமென்றால் அறக்கட்டளைக்கு வருமான வரித் துறையில் வரிவிலக்குக்கான 12ஏ பதிவும் 80ஜி ஒப்புதலும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 பதிவும், மூன்று வருஷம் வேலை செய்த சான்றும் வேண்டும். கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் முடியாதது இல்லை. அதுவரை, ஏற்கெனவே இந்தப் பதிவுகள் உள்ள ஒரு பெரிய அமைப்பின் திட்டத்துக்குள் இந்த வகுப்பும் ஒரு மையமாகச் சேர முடியுமா என்று விசாரிக்கலாம். பெங்களூருவில் குடிசைப் பகுதிப் பிள்ளைகளின் படிப்புக்காக இயங்கும் அமைப்புகள் பல உண்டு, சிறிய குழுக்களோடு சேர்ந்து வேலை செய்பவையும் அவற்றில் இருக்கின்றன. டீமில் உள்ள நண்பர்கள் தனிப்பட்ட முறையில் கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கேளுங்கள். ஆபீஸ் மெயிலிலும் டீம் குழுவிலும் கேட்காதீர்கள், அது நிறுவன விதிக்கு எதிராக இருக்கலாம். உங்களுக்கு நடந்தது அடுத்தவருக்கும் நடக்காமல் இருக்கட்டும்.

நீங்கள் மாதம் கொடுக்கும் 1,500-ஐ இனி ரொக்கமாக வேண்டாம், யு.பி.ஐ. வழியாக அறக்கட்டளையின் கணக்குக்கே அனுப்புங்கள். இன்றைக்கு இதனால் உங்களுக்கு வரிச்சலுகை எதுவும் வராது. ஆனால் நாளை பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது, வரவு செலவு வங்கிக் கணக்கில் தெரிகிற அமைப்புக்குத்தான் வேலை சுலபம். அதை நடத்துபவர் தனிநபர் கணக்கு எண்ணைக் கொடுத்தால், அறக்கட்டளைப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதா, அறக்கட்டளையின் பெயரில் பான் எண் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் பத்திரப் பதிவிலிருந்து தொடங்க வேண்டும். பத்திரத்தின் வாசகத்தை எனக்கு அனுப்புங்கள், 12ஏ பதிவுக்கு ஒத்துவருமா என்று படித்துப் பார்த்து எழுதுகிறேன்.